கடன் நோட்டு

துர்சுன் அக்காவின் கடையில்
பச்சை அட்டை போட்ட கடன் நோட்டு ஒன்று உண்டு.
மாவு, சீனி, தீப்பெட்டி எல்லாம் பெயரோடு இருக்கும்.
மாதவிடாய்ப் பஞ்சுக்கு மட்டும்
சின்னதாய் ஒரு வட்டம்.
எழுத அவளுக்கும் கூச்சம்.
கனிஷாயின் பக்கத்தில்
நவம்பரில் வட்டமில்லை,
டிசம்பரில் இல்லை,
ஜனவரியும் வெறுமனே முடிந்தபோது
அத்-பாஷி முழுவதற்கும்
நாள் தள்ளிப்போயிருந்தது.

யார் அவன்?
லாரி ஓட்டும் எர்மெக்கா, பள்ளியில் பந்து வாத்தியாரா?
பின் பெஞ்சுக்காரிகள் கோட்டுக்கு மேலேயே
அவள் வயிற்றை அளந்தார்கள்.
கோட்டுக்குள் வயிறே இல்லை.
உடை மாற்றும் அறையில்
விலா எலும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.
பார்த்தும் ஒருநாள் கேட்டேன்:
"என்கிட்டகூட சொல்ல மாட்டியா?"
அதற்காக இன்னும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவள் அம்மா மாஸ்கோவில்
ஏதோ ஒரு கட்டடத்தின் படிக்கட்டுகளைத் துடைக்கிறாள்.
பணம் பத்தாம் தேதி வரும்.
இங்கே மூன்று தம்பிகள், ஒரு பசு,
உறைந்துபோன குழாய்,
விடியுமுன் அள்ள வேண்டிய நிலக்கரி.
அம்மா வீடியோவில் கூப்பிட்டால்
விளக்குக்குப் பின்னால் உட்கார்வாள்,
கன்னக்குழி தெரியாமல்.
"சாப்பிட்டியா?"
"சாப்பிட்டேன்."
சின்னவன் தலையைத் திருப்பி
என்னைப் பார்ப்பான்.

பிப்ரவரியில், ஒரு வியாழன்,
நரின் போகும் வேனில் ஏறினோம்.
கணவாயில் பனி. ஓட்டுநர் இறங்கிச்
சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினார்.
அவள் கண்ணாடியில் மூச்சுவிட்டாள்,
எதுவும் எழுதாமல் துடைத்தாள்,
மறுபடி மூச்சுவிட்டாள்.

முதலில் சோதனை. ஒரே கோடு.
நான்தான் பெருமூச்சு விட்டேன்.
அது ஊருக்கான பதில்;
அவளுக்கு அந்தக் கேள்வியே இருந்ததில்லை.

டாக்டருக்கு முப்பது வயதிருக்கும்.
ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்தது.
யார் அவன் என்று கேட்கவில்லை.
"தூக்கம் எப்படி?" என்றாள்.
கனிஷாய் உண்மையாகவே யோசித்தாள்.
"எந்த ராத்திரி?" என்றாள்.

பேனா நின்றது.

பிறகு அழுகை. பார்க்க அழகாயில்லை.
மூக்கொழுகி, விக்கல் எடுத்து,
கம்பளித் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தைத் திணித்து.
சோறும் தூக்கமும் போய்ப் பயம் மட்டும் மிஞ்சினால்
உடம்பு சில கதவுகளைச் சாத்திக்கொள்ளும்
என்றாள் டாக்டர்.
"கரி மிச்சம் பிடிக்க
நாங்க பெரிய அறையைப் பூட்டற மாதிரியா?"
"அப்படித்தான். அது உன் தப்பில்லை."

செத்துவிடத் தோன்றியதா என்று
சுற்றி வளைக்காமல் கேட்குமுன்
என்னை வெளியே அனுப்பினாள்.
கதவு சரியாகச் சாத்தவில்லை.
பதில் வருமுன்
நடைபாதையின் கோடிவரை நடந்துவிட்டேன்.
அங்கே தடுப்பூசி அட்டவணை ஒன்றை
மூன்று முறை படித்தேன்.

இனி வியாழன்தோறும், பக்கத்து அறையில்,
மனசுக்கான டாக்டர்.
மாத்திரை கொஞ்சம். முட்டை, பால், தூக்கம்.
அம்மாவிடம் அவளே சொல்ல வேண்டும்,
அல்லது நாங்கள் சொல்கிறோம்.
வேன் காசு போக நூற்றைம்பது சோம், வர நூற்றைம்பது.
கணக்கில் அது மட்டும்தான் இடித்தது.
என் பூட்ஸ் அடுத்த வருஷமும் தாங்கும்.

திரும்பும்போது துர்சுன் அக்கா கடை.
ரொட்டி, ஆறு முட்டை.
நோட்டு விரிந்தது, பேனா காத்திருந்தது.
"வேற?"
கடையில் நாலு பேர்.
ஒரு பாக்கெட் சும்மாவாவது வாங்கிவிடு என்று
முழங்கையால் இடித்தேன்.
"வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்,
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பனி உருகி, புல் வந்து,
குதிரைகளை மேலே ஓட்டிப் போய்விட்டார்கள்.
பெரிய அறையில் இப்போது தம்பிகள் படுக்கிறார்கள்.
அவளுக்கு எப்போது வந்தது, வந்ததா என்று
எழுத மாட்டேன்.
நானும் ஒரு நோட்டாகிவிடக் கூடாது.

இன்று வியாழன்.
வேனில் சன்னலோர இருக்கையை
அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.
தாமதமாக வருகிறாள்,
வாயில் ரொட்டியோடு.