நான்கு பிடிகள்

வீகோ துறைமுகம். பிப்ரவரி. மழை நிற்பதாக இல்லை.
பட்டறை மேசையில் நான்கு ஆங்கிள் கிரைண்டர்களை வைத்துவிட்டு
ஃபோர்மேன் பிரெய்ஷோ சொன்னான்:
"ஒரு வாரம் ஓட்டிப் பார், உஷீயா.
எது கைக்கு வாகோ அதில் பன்னிரண்டு வாங்கலாம்."
ஏன் என்னிடம் என்று கேட்கவில்லை.
இந்தக் கப்பல் தளத்திலேயே சின்னக் கை என்னுடையது.
ஆளிறங்கும் துளைக்குள் சட்டை கிழியாமல் நுழையும் தோளும்.

முதலாவது பச்சை. கழுத்து பருத்தது.
சுற்றிப் பிடித்தால்
கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே
ஒரு தீப்பெட்டி நிற்கும்.
பலசாலிதான், ஒப்புக்கொள்கிறேன்:
தடித்த தகட்டின் வெல்டைச் சீவும்போது மூச்சு வாங்கவில்லை.
தலைக்குமேல் தூக்கினால்தான் வம்பு.
அடுத்த வீட்டுக்காரர்களின் தூங்காத குழந்தையைப் போல
தோள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது கறுப்பு, ஒல்லி.
கை முழுதாய் மூடியது; விரல் விரலைத் தொட்டது.
அப்படியொரு பிடிக்குள் எட்டு மணி நேரம் குடியிருக்கலாம்.
ஆனால் சறுக்கு சுவிட்ச். தள்ளினால் தள்ளியதுதான்.
செவ்வாய்க்கிழமை விளிம்பில் வட்டு கவ்வி
கையிலிருந்து துள்ளி விழுந்தது.
விழுந்தும் நிற்கவில்லை.
பிடித்துப்போட்ட விலாங்காய்த் தரையில் நெளிந்தது.
சபேலா ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள்.

நான்காவது பேட்டரியில் ஓடுவது.
வயரைத் தாண்டித் தாண்டி நடக்கும் தொல்லை இல்லை.
வாலில் மட்டும் யாரோ செங்கல் கட்டியிருந்தார்கள்.

மூன்றாவதைத் தாண்டிவிட்டேன். தெரியும்.
அதற்கு முன்னால் தாளில் ஒரு கட்டம் இருந்தது:
அதிர்வு, ஒன்றிலிருந்து பத்துக்குள்.
நான்கையும் மாற்றி மாற்றி ஓட்டினேன்.
நான்கும் ஒன்றுதான்.
பிறகுதான் உறைத்தது,
ஒன்றாய் இருப்பது கிரைண்டர்கள் அல்ல.

மூன்று குளிர்காலமாக, விடிந்ததும்
வலக்கையின் இரண்டு விரல்கள் மெழுகாய் வெளுக்கின்றன.
பொத்தானை இடக்கை போடுகிறது.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொள்கிறேன்.
டாக்டரிடம் போனால் பேனாவும் மேசையும் தருவார்கள்.
போகவில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின்
மேசையில் முழங்கையை ஊன்றி
பக்கத்தில் காபித் தம்ளரை வைத்தேன்.
ஒவ்வொன்றாய் ஓடவிட்டேன்.
எனக்குத் தெரியாமல் என் எலும்பு வழியே இறங்குவதை
காபி எழுதிக் காட்டியது.
பச்சைக்கு அலை விளிம்பைத் தாண்டிச் சிந்தியது.
கறுப்புக்கு நெருக்கமான வளையங்கள்.
பேட்டரிக்கு அதில் பாதி.
மூன்றாவதுக்கு
நடுவில் ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான்.

அதுவும் ஒல்லிதான். சாம்பல் நிறம். அழகு என்று சொல்ல மாட்டேன்.
அழுத்திச் சீவினால் கொஞ்சம் திணறும், பொறுத்துப் போக வேண்டும்.
அடிவயிற்றில் நீளமாய்த் துடுப்பு சுவிட்ச்:
பிடித்திருக்கும் வரை ஓடும், பிடி தளர்ந்தால் அடங்கும்.
என் கை எப்போது நழுவும் என்று எனக்குத் தெரியாது.
அதற்குத் தெரியும்.

தாளைப் படித்த பிரெய்ஷோ
அதிர்வுக் கட்டத்தில் நின்றான்.
"இவ்வளவு சரியாக எப்படிப் போட்டாய்?"
"காபியைக் கேட்டேன்."
அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.
மேசையில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தான்,
என் கையுறையைப் பார்த்தான்,
தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

திங்களன்று சாம்பல் பெட்டிகள் பன்னிரண்டு வந்திறங்கின.
கூடவே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்:
கை நரம்புப் பரிசோதனை, துறைமுக மருத்துவமனை.
பன்னிரண்டு பெயர்கள். அகரவரிசை இல்லை.
முதல் பெயர் அவனுடையது.

எனக்கு வியாழன், எட்டேகால்.