பார்வைக்கோடு

மஸ்கெலியாவிலிருந்து வந்த டவர்க்காரப் பையன்
முக்காலியை ஊன்றி
ஒற்றைக் கண்ணால் எதிர்மலையைப் பார்த்தான்.
காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்து,
"அங்கேயிருந்து இங்கே தெரியணும் அக்கா.
நடுவுல அந்த டர்பன்டைன் மரம்.
அது போனா லயத்துக்கே சிக்னல்."

டோஹாவில் இருக்கும் கிங்ஸ்லியின் முகம்
இனி உடையாமல் வருமாம்.

ஏழாம் நம்பர் மலையில்
அந்த ஒரு மரத்துக்குப் பின்னால்தான்
கணக்கப்பிள்ளையின் கண்ணுக்கு நாங்கள் இல்லை.
தலைக்கயிற்றை இறக்குவோம்,
அட்டை கடித்த இடத்தில் சவுக்காரம் தேய்ப்போம்.
லோகேஸ்வரி ஒருநாள்
அங்கே முழுசாய் அழுது முடித்தாள்.

புதன்கிழமை மரம் விழுந்தது.

வியாழன் இரவு கிங்ஸ்லி சிரித்தான்,
பல் இடுக்குகூடத் தெரிந்தது.
வெள்ளி காலை
கீழ் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றது.
நான் திரும்பவில்லை.
முதுகு சொன்னது.