கூரையில் களை எடுப்பவன்

வசந்தம் முடிந்ததும் எங்களை மேலே ஏற்றிவிடுவார்கள்.
என் இடுப்பில் சணல் கயிறு,
மறுமுனை சியாவின் கையில்.
அவன் தும்மினால் என் உயிர் குலுங்கும்.

காற்று கொண்டுவந்த புல்,
காக்கை எச்சத்தில் வந்த புல்,
எப்படி வந்ததென்றே தெரியாத புல்,
எல்லாம் மஞ்சள் ஓட்டின் இடுக்கில் வேர்விட்டு
மழையை உள்ளே கூப்பிடும்.
பிடுங்குவது என் வேலை.
மாதம் அரை மூட்டைத் தினை.

கீழே அவர் தெற்கு பார்த்து அமர்ந்திருக்கிறார்.
நாடே வடக்கு பார்த்து நெற்றியைத் தரையில் வைக்கிறது.
அவர் தலைக்கு நேர் மேலே என் குதிகால்.
ஒருமுறை இதைச் சொன்னேன்.
"வாயை மூடு" என்றான் சியாவ்,
கயிற்றை ஒரு சுற்று இறுக்கி.

கூரைச் சரிவின் விளிம்பில் சுடுமண் விலங்குகள், பத்து.
இந்த ஒரு மண்டபத்துக்கு மட்டும் பத்து.
இளவரசர் வீட்டுக்கு ஏழு.
என் வீட்டுக்கு ஒன்றும் கிடையாது:
சாம்பல் ஓடு, மூன்று கட்டு அகலம்,
உத்தரத்தில் வண்ணம் கூடாது.
எனக்கு எவ்வளவு உயரம் என்பதைச் சட்டம்
நான் பிறக்குமுன்பே அளந்து வைத்துவிட்டது.
மைத்துனன் துவான்
மகன் பிறந்த குஷியில் கதவுக்குச் சிவப்புப் பூசினான்.
நாற்பது பிரம்படி.
மூலைகளில் இன்னும் சிவப்பு இருக்கிறது.
சுரண்ட வந்தவன் சோம்பேறி.

பத்து விலங்குக்கும் முன்னால், நுனியில்,
பறவைமேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.
பின்னால் பத்துப் பற்கள்,
முன்னால் வெறும் காற்று.
நான் முதலில் தூசி தட்டுவது அவனுக்குத்தான்.

அந்த வருஷம் பத்தாவது விலங்கின் காலடியில்,
குரங்கு முகமும் இறக்கையும் உள்ளதே, அதன் நிழலில்,
ஒரு எல்ம் கன்று.
விரல் உயரம். ஆறு இலை.

எழுத்தர் கௌ தூரிகையைக் கீழே வைத்தார்.
"மரமா?
முன்முற்றங்களில் ஒரு மரமாவது பார்த்திருக்கிறாயா?
நடு என்பது மண். மண் மஞ்சள்.
ஓடு மஞ்சள், அங்கி மஞ்சள், அரியணை மஞ்சள்.
மரம் மண்ணை வெல்லும், முட்டாளே."
கொலைகாரன் ஒளிந்துகொள்வான் என்றுதான்
மரம் வைக்கவில்லை என நினைத்திருந்தேன், என்றேன்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
"அதுவும்தான்" என்றார்.

மனு மேலே போனது.
நாள் குறிக்க வானநூலார் ஒரு மாதம்.
ராஜத்துரோகத்தை எந்தச் சொல்லால் எழுதுவதென்று
சடங்கு அமைச்சகம் ஒரு மாதம்.
ஓடு உடைந்தால் யார் கணக்கு என்று
பணி அமைச்சகம் இன்னும் யோசிக்கிறது.
கன்று யாருக்கும் காத்திருக்கவில்லை.
ஆறு இலை பதினான்காகி,
பதினான்கு எண்ண முடியாமல் ஆனது.

எட்டாம் மாதம் பதில் வந்தது.
கௌ இரண்டுமுறை வாசித்துக் காட்டினார்:
"அம்மண்டபத்தின் மேல் மரம் வளர்வதில்லை.
ஆகவே அகற்ற ஏதுமில்லை.
ஆகவே அது இல்லாதவாறு பார்த்துக்கொள்க."

ஏறினேன்.
இழுத்துப் பார்த்தேன்.
வேர் ஓட்டைத் தாண்டி, சுண்ணத்தைத் தாண்டி,
உள்ளே எங்கோ இறங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.
இன்னும் இழுத்தால் ஓடு விரியும்,
ஓடு விரிந்தால் என் முதுகு விரியும்.
ஓட்டு மட்டத்தில் அறுத்தேன்.
கடிதத்தில் வேரைப் பற்றி எதுவும் இல்லை.

சட்டைக்குள் வைத்து இறக்கிய இலையை
மனைவி கஞ்சியில் போட்டாள்.
பேரரசின் பெரும்பகை
வழவழவென்று இருந்தது.
மகள் மூன்று கிண்ணம் குடித்தாள்.
உப்புதான் கொஞ்சம் குறைவு.

அடுத்த வசந்தம்.
பத்தாவது விலங்கிடம் போய்க் குனிந்தேன்.
"ஏதாவது இருக்கா?" கீழிருந்து சியாவ் கத்தினான்.
"இல்லாதது," என்றேன்,
"ரெண்டு தளிர் விட்டிருக்கு."

கயிறு ஒரு கணம் தளர்ந்தது.
பிறகு அவன் தும்மினான்,
அல்லது சிரித்தான்.