கூரை: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

பலோம்பே சமவெளியில் ஜனவரி.
சோளம் முழங்கால் உயரம்,
கடன் கழுத்து மட்டும்.

நூற்றுப் பதினெட்டாவது வீடு.
ஃபலேசி சிக்கோஞ்சா வாசலில் பாய் விரிக்கிறாள்,
என் சட்டையின் நிறத்தைப் பார்க்கிறாள்.
"போன வருஷம் நீலச்சட்டை,
அதற்கு முன்னால் ஆரஞ்சு.
நீ பச்சையா? சரி, கேள்."

கடந்த ஏழு நாளில்
எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?
"அவித்த மாங்காய்
ஒரு வேளையில் சேருமா?"
திரையில் விரல் வைத்துத் தேடுகிறேன்.
சோளம் உண்டு, மரவள்ளி உண்டு, கருவாடு உண்டு.
மாங்காய் 'பழங்கள்' என்ற தலைப்பில்,
வசதி உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கிறது.

தண்ணீர்?
"சுனைக்குப் போகிறோம்."
வரும் வழியில் பார்த்தேன் அந்தக் கைபம்பை.
கைப்பிடியைக் காணோம்.
நன்கொடை தந்தவர்கள் பெயர்ப்பலகைக்கு மட்டும்
புதுப் பெயிண்ட்.

ஆடு?
"ஒன்று கொடுத்தார்கள் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள்,
காதில் எண் குத்தி, என்னோடு நிற்கவைத்துப் படம் எடுத்து.
அது குட்டி போட்டது, குட்டியும் குட்டி போட்டது.
எல்லாம் விற்றாயிற்று."
எதற்காக விற்றீர்கள் என்று படிவம் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

கூரை.
ஒன்று, புல். இரண்டு, தகரம்.
நான் வாசித்து முடிக்குமுன்
"புல்" என்கிறாள்.
நிமிர்ந்து பார்க்கிறேன். புல்தான்.

அந்த நேரம் பார்த்து வந்தது மழை.
டேப்லெட் நனையக்கூடாது,
எனக்கு வரும் காய்ச்சலைவிட அதற்கு விலை அதிகம்.
கேட்காமலே உள்ளே ஓடினேன்.

புல்மேல் விழும் மழை
ஊமை.
இங்கே, காற்று புல்லை ஒதுக்கிவிட்ட ஒரு மூலையில்,
யாரோ தலைக்கு மேலே
மூட்டை மூட்டையாகச் சோளம் கொட்டுகிறார்கள்.

யாரும் பேசவில்லை.
சின்னவன் யோஹானேக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.
எத்தனை தகடு என்று விரலால் காட்டப் பார்க்கிறான்.
பதினொன்று.
அவனிடம் விரல் போதவில்லை.

எண் குத்திய ஆட்டின் மூன்று தலைமுறை
என் தலைக்கு மேலே நின்று சத்தம் போடுகிறது.

"மடேயா தகரம் என்று உண்மையைச் சொன்னான்" என்கிறாள்
அவனுடைய வீடு இருந்த திசையைப் பார்க்காமல்.
"பட்டியலில் பேர் போயிற்று.
தகரத்தைக் கடித்துத் தின்ன முடியுமா?"

அதற்கும் என்னிடம் கட்டம் இல்லை.

"இப்போது நான் கேட்கிறேன்.
உன் வேலை எத்தனை நாளைக்கு?"
பத்தொன்பது நாள் ஒப்பந்தம், இன்னும் நாலு.
"அப்புறம்?"
தெரியாது.
"பைக் உன்னுடையதா?"
வாடகை.
"நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?"
பிஸ்கட்.
"அது ஒரு வேளையில் சேருமா?"

சிரித்தோம் என்றுதான் எழுதவேண்டும்.
அவள் சிரித்தாள்.

பதில் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது.
சனிக்கிழமை மேற்பார்வையாளர்
வானத்திலிருந்து எடுத்த படத்தோடு
ஒவ்வொரு கூரையையும் ஒத்துப்பார்ப்பார்.
மேலிருந்து பார்ப்பவருக்குக் காது தேவையில்லை.

ஒன்றை அழுத்தினேன்.

படுக்கை? இல்லை. கொசுவலை? இருந்தது,
நாற்றங்காலுக்கு வேலியாகிவிட்டது.
எதிர்காலம் பற்றிய நம்பிக்கை,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
"மழை நிற்கட்டும், சொல்கிறேன்."

நின்றது. அவள் சொல்லவில்லை.
"நீ உயரம்" என்றாள், அவ்வளவுதான்.

வெளியே வந்து பைக் இருக்கையில் ஏறி நின்று
ஈரப் புல்லை இழுத்து இழுத்து
அந்த மூலையை மூடினேன்.
உள்ளங்கையில் நாலைந்து கீறல்.

ஏழு நிமிடம் ஆனது.
டேப்லெட் அதைக் குறித்துக்கொண்டது:
காரணமற்ற தாமதம்.