மூன்றடி

பீற்றர்பரோவில் மே மாதக் கடைசித் திங்கள்.
புல்லில் இரவு மழையின் ஈரம்,
என் சப்பாத்துக்குள்ளும்.
பை சுமக்க ஆள் பிடித்தால்
நாளுக்கு இருநூறு டொலர்.
நான் இலவசமாகப் பிடிபட்டவள்.

பல் சுத்தம் செய்யும் வேலை எனக்கு.
ஆண்டுக்குப் பத்து நாள் விடுப்பு.
அதில் எட்டு நாள்
பதினான்கு மட்டைகளின் பாரமாய்
வலது தோளில் வார் பதிந்து கிடக்கிறது.
மீதி இரண்டைக்
காய்ச்சலுக்கென்று வைத்திருக்கிறேன்.

நுழைவுக் கட்டணம் அறுநூற்றைம்பது.
இன்று வென்றால் கிடைப்பது காசல்ல,
வியாழக்கிழமை விளையாட ஓர் அனுமதி.
வெள்ளிக்கிழமையைக் கடந்தால்தான் காசு.
இதை விளக்கியபோது அப்பா
தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"அப்ப நேர்முகத்துக்குப் போக
நாங்கள் காசு கட்டிறதோ?"
ஓம் என்றேன்.
"எத்தினை தரம்?"

எண்ணுவதைப் போன குளிர்காலம்
புளோரிடாவில் நிறுத்தினேன்.
மோட்டல் அறையில் அவன் சோறு வைக்கும்
சின்னக் குக்கர் நாற்பது அமெரிக்க டொலர்.
எங்கள் காசில் எவ்வளவு என்று
என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டு
"பெருக்காதை அக்கா" என்றான்.

நிரூபனுக்கு இருபத்தொன்பது.
அவன் கைகள் இரண்டும் இரண்டு பேருடையவை.
வலது, வெயில் தின்றது.
இடது, உறைக்குள்ளேயே வளர்ந்து
மணிக்கட்டு வரை வெளுத்தது.
கலியாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்த அன்று
இடது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.
"தம்பி என்ன செய்யிறார்?"
அம்மா முந்திக்கொண்டு
"கொம்பியூட்டர்" என்றாள்.

பதினெட்டாவது குழி.
பந்துக்கும் அதற்கும் மூன்றடி.
போட்டால் இன்னொரு சுற்று,
விட்டால் நூற்றுப்பதினைந்தாம் நெடுஞ்சாலை.
குந்தினான். எழும்பினான். திரும்பவும் குந்தினான்.

மூன்றடி கேட்டு வந்தவனுக்குக் கொடுத்தவன்
கடைசியில் தலையையும் கொடுத்த கதை
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எங்கள் இருவருக்கும் சொன்னதுதான்.
அவன் பின் வாங்கில் இருந்து
அழிறப்பரை உருட்டிக்கொண்டிருந்திருப்பான்.

"அக்கா, எந்தப் பக்கம் ஓடும்?"

காலையிலிருந்து சரியாகத்தான் சொல்லிவந்தேன்.
முரசின் சரிவு பார்த்துப் பழகிய கண்.
"இடது ஓரம். ஒரு பந்து அகலம் விடு."

அந்த நேரம்,
வாங்காத என் வீடு தெரிந்தது.
அதன் குளியலறை ஓடுகள்கூடத் தெரிந்தன.
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு
ரயிலுக்கு ஓடும் தம்பி தெரிந்தான்.
இவ்வளவும் தெரிந்த கண்ணுக்குப்
புல் தெரிந்ததா?
தெரியாது.
இப்போதும் தெரியாது.

பந்து நான் சொன்ன இடத்துக்கே போனது.
நேரே.
வளையவே இல்லை.
குழியின் உதட்டை நக்கிவிட்டு
வெளியே நின்றது.

தொப்பியைக் கழற்றி
மற்றவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தான்.
"நீ சரியாத்தான் சொன்னனி அக்கா.
நான்தான் இழுத்திட்டன்."

அவன் இழுக்கவில்லை.
நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

ஓஷவா தாண்டும்வரை
தூங்குகிறவன்போல் இருந்தான்.
பிறகு கண் திறக்காமலே,
"அடுத்தது சட்பரியில.
இண்டைக்குச் சாமத்தோட பதிவு முடியுது."

என் கைப்பை பின் இருக்கையில் கிடந்தது.
எட்டி எடுக்கப் பார்த்தேன்.
"ரோட்டைப் பார் அக்கா" என்றான்.
வெளுத்த கையில் தொலைபேசி,
கறுத்த விரல் அதன்மேல்.
அட்டையின் பதினாறு எண்களும்
பின்பக்கத்து மூன்று எண்களும்
அவனுக்கு எப்போதோ பாடம்.

"எத்தினையாம் திகதி?" என்றேன்.

காய்ச்சலுக்கென்று வைத்திருந்த
அதே இரண்டு நாள்.