வரவேண்டிய மணல்

அலை நேராக வருவதில்லை, டெடே.
தென்மேற்கிலிருந்து சாய்ந்து ஏறும்,
நேராக இறங்கும்.
ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மணலை
ஒரு முழம் கிழக்கே தள்ளி வைக்கும்.
இரவும் பகலும் இதே வேலை.
நாம் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஓடிய நாட்களில்
போன பிடிக்கு இன்னொரு பிடி
மேற்கிலிருந்து வந்து விழும்.
யாரும் எண்ணவில்லை.

பிறகு லோமேயில் துறைமுகம்.
கடலுக்குள் நீண்ட கருங்கல் கை.
அதற்கு மேற்கே நீ வாழ்க்கைப்பட்டாய்,
கிழக்கே நான்.

படகை இழுத்துப் போவதற்குள்
உன் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது,
கடல் அவ்வளவு தூரம் போய்விட்டது என்று
போனில் அலுத்துக்கொள்கிறாய்.

இங்கே சமையலறை போன மாதம் போயிற்று.
கிணறு போகவில்லை.
சுற்றியிருந்த மணல் கரைந்து
சிமெண்ட் உறைகள் மட்டும்
அலைக்கு நடுவே எழுந்து நிற்கின்றன.
குனிந்து பார்த்த கிணற்றை
அண்ணாந்து பார்க்கிறேன்.

என் அடுப்படி மண்
பெனின் எல்லை தாண்டி
எவள் வாசலில் சேர்கிறதோ.
அவளும் அலுத்துக்கொள்வாள்.

ஞாயிறன்று மோட்டார் சைக்கிள் டாக்சியில் வந்தாய்,
மடியில் ஒரு மூட்டை.
மரவள்ளி மாவு என்றுதான் நினைத்தேன்.
அவிழ்த்து என் படியில் கொட்டினாய்:
"இந்தா கோகோ, உனக்கு வரவேண்டியது."

மூன்றே அலை.
படி மறுபடி வெறும் படி.
சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்தது.
வண்டிக்காரன்
மூட்டைக்கும் ஓர் ஆள் கூலி
வாங்கிவிட்டானாம்.