பதிவேட்டில் ஒரு வரி

கெமியில் ஏப்ரல் என்பது
பாதி உருகிய சொல்.
கடல் இன்னும் கெட்டி, சாலையோரம் மட்டும் சேறு.
ஆடுகளத்தில் சுரண்டிய பனியைக் கொட்ட
இயந்திர வாசலைத் திறந்தேன்,
இரண்டே நிமிடம்.
அதற்குள் வந்துவிட்டது வாலாட்டி.

இந்த வருடத்தின் முதல் வாலாட்டி.
எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள்
கோடைக்கு நாள் எண்ணத் தொடங்குவார்கள்.
நான் மணி பார்த்தேன். ஐந்தே கால்.
ஏழு மணிக்குச் சிறுமிகளின் இறுதி ஆட்டம்.

முதலில் அது பனிமேல் நடந்தது,
வழுக்காமல்,
நடுக்கோட்டைத் தாண்டி, கோல் வலைவரை.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ கைதட்டினார்கள்.
கூரைக்குப் போய்விட்டது.

கூரைக்குப் போன பறவைக்குக்
குழல்விளக்கு ஒவ்வொன்றும் ஒரு விடியல்.
விடியலில் முட்டி, விடியலில் முட்டி,
இரும்பு உத்தரத்தில் வாய் பிளந்து உட்காரும்.
எனக்குத் தெரியும்.
போன வருடம் ஒன்றை நான் துரத்தியிருக்கிறேன்.

நீண்ட அலுமினியக் கழி, நுனியில் சிவப்புத் துணி,
மனசு நிறைய நல்லெண்ணம்.
வாசலைக் காட்டத்தான் விரட்டினேன்.
அதற்குக் கழிதான் தெரிந்தது.
மூன்றாம் நாள்
குளிர்க்குழாயின் அடியில்
ஒழுகுநீர்த் தட்டைக் கழுவும்போது கிடைத்தது.
கையுறை போட்டிருந்தேன்.
கனமே தெரியவில்லை.

மேலாளர் சிர்க்கு வந்தாள்.
எங்கள் மொழியில் அவள் பெயரே ஒரு குருவி.
கேலி செய்ய அது நேரமில்லை.
"தௌனோவிடம் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது,
பத்து நிமிட வேலை" என்றார் ஒரு அப்பா.

விளக்கை அணையுங்கள் என்றேன்.
எல்லாவற்றையும். ஸ்கோர் பலகையையும்.
பாட்டை நிறுத்துங்கள். எல்லோரும் வெளியே போங்கள்.
பெரிய வாசல் மட்டும் திறந்து கிடக்கட்டும்.
"பனி இளகிவிடுமே?"
இளகட்டும்.
"எவ்வளவு நேரம்?"
தெரியாது.

என் வாயிலிருந்து அந்தச் சொல்லை
அவள் அதுவரை கேட்டதில்லை போல.
ஒரு கணம் பார்த்துவிட்டு
ஒவ்வொரு சுவிட்சாக அவளே இறக்கினாள்.

இருட்டு.
கடைக்கோடியில் ஒரு சதுரம்,
அசல் மாலையின் வெளிச்சம்.
நான் இயந்திரத்தின் இருக்கையில், கைகள் மடியில்.
இருபத்திரண்டு வருடத்தில்
சும்மா இருக்கச் சம்பளம் வாங்கியது அன்றுதான்.
லேசான வேலை இல்லை அது.
இருமல் வருகிறது. முழங்கால் சொடுக்குகிறது.
கழி சாத்தியிருக்கும் மூலைக்குக்
கண் தானாகப் போகிறது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
கோல்காப்பாளர் ஐனிக்கி,
பன்னிரண்டு வயது, முழுக் கவசம்,
ஒருவரையும் உள்ளே விடாமல் நின்றாள்.
அன்று அவள் ஒழுங்காகக் காத்தது
அந்த ஒரு வாசலைத்தான்.

ஆறு ஐம்பது.
பனிமேல் மெல்லிய நீர்ப்படலம்.
அடியில் குளிரூட்டி முக்கிக்கொண்டிருந்தது.
இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை.
சதுர வெளிச்சத்தின் ஓரத்தில்
ஒரு வால் மட்டும்
மேலும் கீழும், மேலும் கீழும்.

பறக்கும் என்று நினைத்திருந்தேன்.
அம்புபோல, வானத்துக்கு, அப்படி ஏதாவது.
நடந்துதான் போனது.
ஷிப்ட் முடிந்த ஆள் மாதிரி
என் சக்கரத் தடத்தின் மேலேயே நடந்து,
வாசலில் ஒருமுறை நின்று,
நான் கொட்டிய பனிக்குவியலில்
எதையோ கொத்திப் பார்த்து,
அப்புறம் இல்லை.

எட்டரைக்குத்தான் ஆட்டம் தொடங்கியது.
ஐனிக்கி நான்கு கோல் விட்டாள். தோற்றோம்.
அந்த அப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இரவு பதிவேட்டை எடுத்தேன்.
விளக்கணைப்பு: எண்பது நிமிடம்.
பனி இளகல்: இரண்டு மில்லிமீட்டர்.
இழப்பு என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

பேனாவை மூடப் போனவன்
என்னவோ தோன்றிப்
போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டினேன்.
அந்தத் தேதியிலும், அதே கட்டத்தில்,
என் கையெழுத்தில்
ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது.